குழந்தைக்குப் போட்ட நிமோனியா ஊசி எத்தனை வருடம் தாங்கும்?

பொன்னி_திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். என் மூத்தவளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா ஊசி கிடையாது. தனியார் மருத்துவமனையில் காசு கட்டி நான்கு தடவை போட்டோம். சின்னவன் பிறந்தபோது அரசாங்கமே இலவசமாகப் போட ஆரம்பித்திருந்தது. ஒன்றரை மாதத்தில் ஒன்று, மூன்றரை மாதத்தில் ஒன்று போட்டாயிற்று, ஒன்பது மாதம் முடிந்ததும் இன்னொன்று என்று அட்டையில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் நாத்தனாரோ, தன் பிள்ளைக்கு மொத்தமே இரண்டுதான் என்கிறாள்.

ஒரே நோய்க்கு மூத்தவளுக்கு நான்கு, சின்னவனுக்கு மூன்று, அங்கே இரண்டு. இதில் யாருக்கு எத்தனை வருடம் பாதுகாப்பு இருக்கும்? பள்ளிக்கூடம் போகும் வயதில் டிபிடி போடுவதுபோல் இதையும் மூத்தவளுக்குத் திரும்பப் போட வேண்டுமா? ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் பொருள், எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சரவணன்_கோவை:

எனக்கும் இதே சந்தேகம்தான். என் மகனுக்கு எல்லா ஊசியும் தேதி தவறாமல் போட்டோம். இரண்டு வயதில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. எக்ஸ்ரே பார்த்து நிமோனியா என்றார்கள். அப்படியென்றால் ஊசியின் சக்தி ஒரே வருடத்தில் தீர்ந்துபோய்விட்டதா?

டாக்டர்_மதுரை:

நான் குழந்தை மருத்துவர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறைய பெற்றோர் கேட்கும் கேள்வி இது.

முதலில் சரவணன் சாருக்கு. நிமோனியா என்பது நுரையீரலில் ஏற்படும் தொற்றுக்குப் பொதுப்பெயர். ஆர்எஸ்வி, ஃப்ளூ போன்ற வைரஸ்களாலும் வரும், மைக்கோபிளாஸ்மா, காசநோய்க் கிருமி என்று வேறு காரணங்களும் உண்டு. நாம் நிமோனியா ஊசி என்று சொல்லும் பிசிவி தடுப்பது நியூமோகாக்கஸ் என்ற ஒரு பாக்டீரியாவை மட்டும். அதிலும் நூறுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஊசியில் இருப்பவை கடுமையான நோயை அதிகம் உண்டாக்கும் பத்தோ பதின்மூன்றோ வகைகள். காம்பியா நாட்டில் 17,437 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2005இல் முடிவு வெளியிட்டார்கள். ஊசியில் இருந்த வகைகளால் ரத்தத்தில் கிருமி பரவுவது போன்ற தீவிர நோய் 77 சதவீதம் குறைந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியா, எந்தக் கிருமியால் வந்தாலும் சரி என்று மொத்தமாகக் கணக்கெடுத்தபோது, 37 சதவீதம் குறைந்தது. எந்தக் காரணத்தால் ஆனாலும் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 16 சதவீதம் குறைந்தது. ஆகவே உங்கள் மகனுக்கு வந்ததை வைத்து ஊசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. ஊசிக்குச் சம்பந்தமில்லாத கிருமியாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இப்போது எத்தனை வருடம் என்பதற்கு வருகிறேன். இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் இருந்து வந்தது. 1998இல் தொடங்கி கிட்டத்தட்ட நாற்பதாயிரம் குழந்தைகளை ஆய்வில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒன்பது வகைகள் அடங்கிய பிசிவி, 6, 10, 14 வாரங்களில். பூஸ்டர், அதாவது பிறகு வலுவேற்றப் போடும் ஊசி, கிடையாது. எச்ஐவி இல்லாத குழந்தைகளில், ஊசியில் உள்ள வகைகளால் வரும் தீவிர நோய் 83 சதவீதம் குறைந்தது. அதோடு விடாமல் அதே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரியாக ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பாதுகாப்பு 78 சதவீதத்தில் நின்றது. பூஸ்டரே போடாமல் இது.

ஆனால் எச்ஐவி தொற்று இருந்த குழந்தைகளில் கதை வேறு. ஆரம்பத்தில் 65 சதவீதம் இருந்தது, அதே காலத்தில் 39 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது எச்ஐவி மருந்து கிடைக்காத காலம். அதாவது, ஊசி எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் பாதி அதை வாங்கிக்கொள்ளும் உடம்பைப் பொறுத்தது.

பொன்னி, உங்கள் இரண்டு குழந்தைகளும் ஆரோக்கியமானவர்கள் என்றால், மூத்தவளுக்கு இன்னொரு ஊசி தேவையில்லை. ஆன்டிபாடி பரிசோதனையும் வேண்டாம்.

தமிழ்ச்செல்வன்_76:

டாக்டர், ஆன்டிபாடி பரிசோதனை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? ஊசி போட்ட ஓரிரு வருடத்தில் ஆன்டிபாடி வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று நானே படித்திருக்கிறேன். குறைந்தால் பாதுகாப்பும் போயிற்று என்றுதானே அர்த்தம்? மக்களிடம் இதை மறைக்கக் கூடாது.

டாக்டர்_மதுரை:

மறைக்க ஒன்றுமில்லை சார், குறைவது உண்மைதான். முதல் ஊசிகளுக்குப் பிறகு ஏறும், சில மாதங்களில் இறங்கும். பூஸ்டர் போட்டதும் முன்பைவிட உயரமாக ஏறும், அப்புறம் மெதுவாக மறுபடியும் இறங்கும். எல்லா வகைக்கும் ஒரே மாதிரி இறங்குவதும் இல்லை. 4, 18சி போன்ற வகைகளுக்கு எதிரானது பள்ளி வயதுக்குள் நன்றாகவே குறைந்துவிடும். 19எஃப் போல ஊருக்குள் குழந்தைகளின் மூக்கில் அதிகம் உலவும் வகைகளுக்கு நிலைத்து நிற்கும், சில குழந்தைகளில் திரும்ப ஏறுவதும் உண்டு. அந்தக் கிருமியை அவ்வப்போது சந்திப்பதால் வருவது அது.

பரிசோதனைச் சீட்டில் மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம் என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் அதை வகுத்தது புதிய தடுப்பூசி ஒன்றைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது பொருந்தும் எண் அது. ஒரு தனிக் குழந்தைக்கு 0.30 இருந்தால் ஆபத்து, 0.40 இருந்தால் கவலையில்லை என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. நோய் எதிர்ப்புக் குறைபாடு இருக்கிறதா என்று சந்தேகப்படும் குழந்தைக்கு நாங்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்போம். நன்றாக ஓடி விளையாடும் குழந்தைக்குக் கேட்பது காசுக்குக் கேடு, குழந்தைக்கும் வலி.

தமிழ்ச்செல்வன்_76:

சரி. அப்படியென்றால் இன்னொரு கேள்வி. நினைவு செல்கள் என்று ஒன்று இருக்கிறது, கிருமி வந்ததும் அவை விழித்துக்கொண்டு ஆன்டிபாடியை மறுபடி தயாரித்துவிடும் என்கிறார்கள். அது உண்மையானால் ஒன்பதாம் மாதத்தில் பூஸ்டர் எதற்கு? அது பொய்யானால் ஆன்டிபாடி இறங்கிய ஆறு வயதுக் குழந்தை எப்படித் தப்பிக்கிறது? இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்?

மருந்தாளர்_லண்டன்:

நல்ல கேள்வி அண்ணா. இதற்கான பதிலை இங்கிலாந்து பட்டுத்தான் தெரிந்துகொண்டது. நான் இங்கே மருந்தாளராக இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1992இல் இங்கே ஹிப் என்ற இன்னொரு மூளைக்காய்ச்சல் கிருமிக்குத் தடுப்பூசி வந்தது. 2, 3, 4 மாதங்களில் மூன்று ஊசி, பூஸ்டர் கிடையாது. நினைவு செல்கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. நோய் தடாலென்று விழுந்தது. ஆனால் 1999க்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்ப ஏறியது. 2003இல் நாடு முழுக்கச் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கூடுதல் ஊசி போட்டுத்தான் அதை அடக்கினார்கள். மூளைக்காய்ச்சல் தரும் மற்றொரு கிருமியான மெனிஞ்சோகாக்கஸ் சிக்கான ஊசியிலும் இதுவே நடந்தது. 1999இல் அதே 2, 3, 4 மாத அட்டவணையில் ஆரம்பித்தார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது போட்டவர்களுக்கு ஒரு வருடம் கழிந்ததும் பாதுகாப்பு கரைந்துவிட்டது தெரிந்தது. 2006இல் ஒரு வயது பூஸ்டர் கொண்டுவந்தார்கள். அந்த வருடமே செப்டம்பரில் பிசிவியும் அட்டவணையில் சேர்ந்தது. ஆரம்பத்திலிருந்தே பூஸ்டரோடுதான் சேர்த்தார்கள்.

நினைவு செல்கள் இருப்பது உண்மை. அவை விழித்துப் போதுமான ஆன்டிபாடி தயாரிக்க நான்கைந்து நாளாவது ஆகும். இந்தக் கிருமிகள் மூக்கிலிருந்து ரத்தத்துக்குள் இறங்கிக் குழந்தையைச் சாய்க்க இரண்டு மூன்று நாளே போதும். ஆகவே அந்த வயதில் ஆன்டிபாடி ரத்தத்தில் தயாராகச் சுற்றிக்கொண்டு இருக்க வேண்டும். பூஸ்டர் அதைத்தான் செய்கிறது. ஆபத்து உச்சத்தில் இருக்கும் இரண்டு வயது வரைக்கும், அதற்குக் கொஞ்சம் அப்பாலும் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

டாக்டர்_மதுரை:

மிகச் சரியாகச் சொன்னீர்கள் தம்பி. ஆறு வயதுக் குழந்தை எப்படித் தப்பிக்கிறது என்ற பாதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

நியூமோகாக்கஸின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஓர் உறை இருக்கிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடம்புக்கு அந்தச் சர்க்கரையை எதிரியாக அடையாளம் காணத் தெரியாது. பெரியவர்களுக்குப் போடும், அந்தச் சர்க்கரை மட்டுமே உள்ள 23 வகை பாலிசாக்கரைடு ஊசி கைக்குழந்தைகளிடம் வேலை செய்யாததற்கு இதுவே காரணம். பிசிவியில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறோம். புரதத்தைக் குழந்தையின் உடம்பு நன்றாகவே கண்டுகொள்ளும், அதோடு சர்க்கரையையும் கற்றுக்கொள்ளும். இரண்டு வயதுக்குப் பிறகு அந்தத் திறமை உடம்புக்குத் தானாகவே வளர ஆரம்பிக்கிறது. ஐந்து வயதில் ஆன்டிபாடி குறைந்திருந்தாலும், குழந்தை அப்போது கைக்குழந்தை அல்ல. வழியில் பல தடவை அந்தக் கிருமியை மூக்கில் சுமந்து, தன் சொந்த எதிர்ப்பையும் சேர்த்திருக்கும். அமெரிக்காவில்கூட ஐந்து வயது தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்குப் பிசிவி போடச் சொல்வதில்லை, முன்பு ஒன்றுமே போடாத குழந்தையாக இருந்தாலும்.

பொன்னி_திருச்சி:

இப்போது கொஞ்சம் புரிகிறது டாக்டர். அப்படியென்றால் லண்டனில் இரண்டு போதும் என்பது எப்படி? நம் பிள்ளைகளுக்கு அதிகமாகப் போடுகிறோமா, அவர்கள் குறைவாகப் போடுகிறார்களா?

மருந்தாளர்_லண்டன்:

அக்கா, உங்கள் நாத்தனார் சொல்வது சரி. 2020 ஜனவரி முதல் பிறந்த குழந்தைகளுக்கு இங்கே கைக்குழந்தையில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று. அதற்கு முன் மூன்று போட்டார்கள். குறைத்ததன் காரணம் ஊசி திடீரென்று வலுத்துப்போனது அல்ல. பதினான்கு வருடமாகக் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் போட்டுப் போட்டு, ஊசியில் உள்ள வகைகள் பலவும் குழந்தைகளின் மூக்கிலிருந்தே ஏறக்குறைய காணாமல் போய்விட்டன. கைக்குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுவர ஆள் இல்லாததால் முதல் வருடத்தில் ஓர் ஊசியைக் குறைக்க முடிந்தது. அப்போதும் ஒரு வயது பூஸ்டரில் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் 2017இல் இமாச்சலப் பிரதேசம், பீகார், உத்தரப் பிரதேசம் என்று சில இடங்களில் தொடங்கி, 2021இல்தான் நாடு முழுக்க வந்தது. தமிழ்நாட்டில் அந்த வருடம் ஜூலையில். இப்படிப் பலருக்குப் போடுவதால் கிருமி உலவுவதே குறைந்து எல்லோருக்கும் கிடைக்கும் கூட்டு நலன் நம் ஊரில் சேர இன்னும் காலம் வேண்டும். இங்கிலாந்தைப் பார்த்து இப்போதே ஒன்றை விட்டுவிடக் கூடாது.

சரவணன்_கோவை:

கூட்டு நலன் என்பதை நம்பலாமா தம்பி? கேட்க நன்றாக இருக்கிறது.

மருந்தாளர்_லண்டன்:

எண்களைப் பாருங்கள் அண்ணா. அமெரிக்காவில் 2000இல் ஏழு வகை ஊசி வந்தது. அதற்கு முன் 1998-99இல், ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறக்குறைய 80 பேருக்கு அந்த ஏழு வகைகளால் ரத்தத்திலோ மூளையுறையிலோ தொற்று வந்துகொண்டிருந்தது. 2007இல் அது ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது, ஊசியே போட்டுக்கொள்ளாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் அந்த வகைகளால் வரும் நோய் பெருமளவு குறைந்தது. பேரப்பிள்ளைக்குப் போட்டது தாத்தா பாட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு குழந்தையின் ஆன்டிபாடி குறைந்த பிறகும் அதன் பாதுகாப்பு நீடிப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

தமிழ்ச்செல்வன்_76:

அதே அமெரிக்காவில் ஊசியில் இல்லாத வகைகள் கிளம்பி வந்ததையும் சொல்லுங்கள்.

டாக்டர்_மதுரை:

சொல்ல வேண்டியதுதான். ஏழு வகைகள் ஒதுங்கிய இடத்தில் 19ஏ என்ற வகை வந்து உட்கார்ந்தது. அதில் பல கிருமிகள் ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காதவை. அதனால்தான் 2010இல் அதையும் சேர்த்துப் பதின்மூன்று வகை ஊசி வந்தது, பிறகு பதினைந்து, இருபது என்று நீள்கிறது. நம் நாட்டில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் பத்து வகை ஊசியிலும் 19ஏ இருக்கிறது. வகை 3 இன்றும் பிடிகொடுக்காத ஒன்று. அது தன் உறையை உதிர்த்துவிடும், ஆன்டிபாடி அந்த உதிர்ந்த துண்டுகளில் போய் ஒட்டிக்கொண்டு வீணாகும். பதின்மூன்று வகை ஊசியில் அது இருந்தாலும் பலன் மற்றவற்றைவிடக் குறைவு.

அப்படி வேறு வகைகள் வந்தும்கூட மொத்த நோய் பழைய அளவுக்குத் திரும்பவில்லை சார். ஐந்து வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குழந்தைகளில் எல்லா வகைகளையும் சேர்த்து லட்சத்துக்கு நூறை ஒட்டி இருந்தது, பத்தை ஒட்டி வந்திருக்கிறது. நியூமோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்து, ஆனால் காது கேட்காமல் போன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெற்றோரிடம் பேசியிருந்தால் இந்த எண்களை இன்னும் நெருக்கமாகப் பார்ப்பீர்கள்.

செவிலி_நீலகிரி:

இந்த இழையில் ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைகள் நிறைய. அவர்களின் மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடும். ரத்தத்தில் நுழைந்த நியூமோகாக்கஸை வடிகட்டுவதே மண்ணீரல்தான். காலையில் லேசாகச் சுடுகிறது என்று இருக்கும் குழந்தை சாயங்காலம் கைமீறிப் போய்விடும்.

இவர்களுக்கு, எத்தனை வருடம் தாங்கும் என்று காத்திருந்து பார்க்கும் பேச்சே இல்லை. பிசிவி முழுதாகப் போட வேண்டும், இரண்டு வயது முடிந்ததும் 23 வகை ஊசி, ஐந்து வருடம் கழித்து அதை இன்னொரு தடவை. கூடவே தினமும் பென்சிலின், ஐந்து வயது வரையாவது. 1986இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், பென்சிலின் மட்டுமே இந்தத் தொற்றை 84 சதவீதம் குறைத்தது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று முகம் கால் வீங்கி ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைகள், மண்ணீரல் எடுத்தவர்கள், காது கேட்க அறுவை செய்து உட்காதில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், இவர்களுக்கும் கூடுதல் ஊசி உண்டு. உங்கள் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சில சமயம் பெரிய நோயைப் பார்க்கும் மும்முரத்தில் ஊசி மறந்துபோகிறது.

முருகேசன்_புதுக்கோட்டை:

அக்கா, நான் கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு திருப்பூர் வந்துவிட்டேன். பாப்பாவுக்கு முதல் இரண்டு ஊசியும் ஊரில் போட்டது. ஒன்பதாம் மாத ஊசி நேரத்தில் இடம் மாறிக்கொண்டிருந்தோம். இப்போது பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. இனி போட மாட்டார்களா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

செவிலி_நீலகிரி:

முதலிலிருந்து வேண்டாம் தம்பி. ஒரு வயதுக்குள் ஆரம்பித்துவிட்டீர்கள், அதனால் மீதியைத் தாராளமாகப் போடுவார்கள். போன ஊசிக்கும் இதற்கும் எட்டு வாரம் இடைவெளி இருந்தால் போதும், உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. ஊர் மாறியது ஒரு தடையே இல்லை. பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தாலும் புதன்கிழமை அட்டையோடு போங்கள். அட்டை ஊரில் இருந்தால் வீட்டில் யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் ஒன்பதாம் மாதத்தில் வருவதுதான், அதுவும் விடுபட்டிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் வேறு வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே எல்லோரும் ஐந்து வருடமா பத்து வருடமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நான் களத்தில் பார்ப்பது இந்த ஒன்பதாம் மாத ஊசி நழுவிப்போவதைத்தான். முதல் இரண்டுக்கும் தாய் வீட்டில் இருப்பார்கள், பாட்டி தூக்கிக்கொண்டு வருவார். மூன்றாவது வரும்போது அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், அல்லது குடும்பமே வேறு ஊரில் இருக்கும். பாதுகாப்பு எத்தனை நாள் நிற்கும் என்பதை அந்த ஓர் ஊசிதான் அதிகம் தீர்மானிக்கிறது.

முருகேசன்_புதுக்கோட்டை:

ரொம்ப நன்றி அக்கா. பாப்பாவுக்கு லேசாக மூக்கு ஒழுகுகிறது. சரியாகட்டும் என்று தள்ளிப்போடட்டுமா?

செவிலி_நீலகிரி:

சாதாரணச் சளிக்குத் தள்ளிப்போட வேண்டாம். நல்ல காய்ச்சல் அடித்தால், குழந்தை சோர்ந்து கிடந்தால் மட்டும் காத்திருங்கள்.

பொன்னி_திருச்சி:

எங்கள் அத்தை, ஊசிக்குக் கிளம்பும்போதே பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுத்துவிடச் சொல்வார், அப்புறம் காய்ச்சல் வராது என்று. அது சரியா டாக்டர்?

டாக்டர்_மதுரை:

முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம் அம்மா. செக் நாட்டில் பத்து வகை பிசிவி போட்ட 459 கைக்குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஊசியோடு சேர்த்துப் பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது, கூடவே ஆன்டிபாடியும் குறைவாகவே வந்தது. வீட்டுக்கு வந்து உடம்பு சுட்டால், குழந்தை அழுதால், அப்போது எடைக்குத் தகுந்த அளவு கொடுங்கள். ஊசி போட்ட இடத்தில் தைலம் தேய்க்க வேண்டாம், ஈரத்துணி வைத்தால் போதும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.